பெருந்தொழிற்சாலைகளும் எரிசக்திக் கணக்கும்

மாத முடிவில் மின்சாரக் கட்டணச் சீட்டு வந்ததும், சென்ற மாதம் எத்தனை யூனிட், இந்த மாதம் எத்தனை யூனிட் என்று ஒப்பிட்டுப் பாராத குடும்பம் நம் நாட்டில் அரிது. எண் கூடியிருந்தால் காரணம் தேடுகிறோம். வீண் செலவு எங்கே நேர்ந்தது என்று ஆராய்கிறோம். அடுத்த மாதம் அதைக் குறைக்க வழி வகுக்கிறோம். குடும்பம் ஒன்று எவர் தூண்டுதலும் இன்றிச் செய்யும் இக்காரியத்தை, நாள்தோறும் ரயில் ரயிலாக நிலக்கரியை எரிக்கும் பெருந்தொழிற்சாலை தானே செய்துகொள்ளாதா? அதன் பொருட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது ஏன்? அச்சட்டம் தொழிற்சாலையினிடம் எதை வேண்டுகிறது? அதை நிறைவேற்றி வைக்கும் பொறுப்பு யாருடையது? இவ்வினாக்களைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில், வீணாகும் சக்தியின் இயல்பை அறிய வேண்டும். உடைந்த மூட்டையிலிருந்து சிந்தும் சிமெண்டு எல்லோர் கண்ணிலும் படும். புகைபோக்கி வழியே வெளியேறும் உஷ்ணம் ஒருவர் கண்ணிலும் படாது. கொதிகலனிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பநிலையை 22 பாகை குறைத்தால், கொதிகலனின் திறன் ஏறத்தாழ ஒரு சதவீதம் உயரும் என்பது இஞ்சினீயர்கள் கையாளும் ஒரு பொதுக் கணக்கு. நீராவிக் குழாயில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் நீராவி செல்லும் குழாயானால், அத்துளை வழியே ஓர் ஆண்டில் வீணாவது சுமார் 33,000 லிட்டர் உலை எண்ணெய்க்கு ஈடாகும். அரிசி மணி நுழையக்கூடிய ஒரு துளைதான் அது.

காற்றாடி யந்திரங்களை எடுத்துக்கொள்வோம். தேவைக்கு மேற்பட்ட காற்றை ஒரு தடுப்புக் கதவினால் மறித்துக் குறைப்பது பழைய முறை. யந்திரத்தின் சுழல் வேகத்தையே குறைப்பது புதிய முறை. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், தேவைப்படும் மின்சக்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இவ்வுண்மை இஞ்சினீயர்களுக்குப் புதிதன்று. ஆயினும் மோட்டார் முழு வேகத்தில் ஓட, தடுப்புக் கதவு பாதி மூடிய நிலையில் பல்லாண்டு வேலை நடந்த ஆலைகள் உண்டு. காரணம் எளிது. கொதிகலன் அறையில் உள்ளவர் நீராவி குறையாமல் வருகிறதா என்று பார்க்கிறார். உற்பத்திப் பிரிவினர் டன் கணக்கைப் பார்க்கின்றனர். கணக்கர் எரிபொருள் பட்டியலுக்குப் பணம் கொடுக்கிறார். மூவர் அறிவும் ஓரிடத்தில் சேர்வதில்லை. எரிபொருள் விலை ஏறினால் பொருளின் விலையில் அதை ஏற்றிவிடவும் முடிகிறது. ஆகவே வீண் செலவைத் தேடும் கடமை குறிப்பிட்ட ஒருவரைச் சேர்ந்ததாக இருப்பதில்லை.

இக்குறையை நீக்கவே எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மத்திய மின்சக்தி அமைச்சகத்தின் கீழ் எரிசக்தித் திறன் பணியகம் என்ற அமைப்பு அன்றே ஏற்படுத்தப்பட்டது. சட்டத்தின் அட்டவணையில் சக்தியைப் பெருமளவில் செலவிடும் 15 துறைகள் இடம் பெற்றன. அலுமினியம், உரம், இரும்பும் எஃகும், சிமெண்டு, காகிதம், குளோர்-ஆல்கலி, சர்க்கரை, நெசவு, இரசாயனம், ரயில்வே, துறைமுகம், போக்குவரத்து, பெட்ரோலிய சுத்திகரிப்பு, மின்நிலையங்கள், வணிகக் கட்டடங்கள் முதலியன அவை.

சட்டங்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டோர்க்கு இச்சட்டத்தில் ஒரு சொல் தனித்துத் தோன்றும். சிமெண்டு ஆலையை நாம் வழக்கமாக உற்பத்தியாளர் என்போம். தொழில் சட்டங்கள் அதை வேலையளிப்பவர் என்னும். வரிச் சட்டங்கள் வரி செலுத்துபவர் என்னும். இச்சட்டமோ அதனை நுகர்வோர் என்று அழைக்கிறது. நாட்டுக்குப் பொருள் வழங்கும் நிறுவனமாக மட்டும் நில்லாமல், நாட்டின் பொதுச் செல்வத்தை உண்ணும் நிறுவனமாகவும் அதைக் காணவேண்டும் என்பது இப்பெயரின் கருத்து. இவ்வளவுக்கு மேல் சக்தியைச் செலவிடும் நிறுவனம் எதுவோ, அது ‘குறித்தறிவிக்கப்பட்ட நுகர்வோர்’ ஆகிறது.

அளவு எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது? ஓர் ஆலை நிலக்கரியை எரிக்கும். மற்றொன்று எண்ணெயை எரிக்கும். இன்னொன்று மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருக்கும். இவற்றை ஒரே தராசில் நிறுக்க ‘எண்ணெய்ச் சமன் டன்’ என்ற அலகு பயன்படுகிறது. ஒரு டன் என்பது ஒரு கோடி கிலோ கலோரி வெப்பம். மின்சாரத்தில் 11,630 யூனிட்டுக்குச் சமம். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் அறிவிக்கையில், சிமெண்டு, உரம், இரும்பு எஃகு, காகிதம், அனல் மின்நிலையம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 30,000 டன் என்றும், குளோர்-ஆல்கலிக்கு 12,000 டன் என்றும், அலுமினியத்துக்கு 7,500 டன் என்றும், நெசவுக்கு 3,000 டன் என்றும் வரம்பு கட்டப்பட்டது. நெசவாலைக்கு வகுத்த இந்த மிகக் குறைந்த வரம்பே மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி யூனிட் ஆகும்.

இவ்வரம்பைத் தாண்டிய நிறுவனத்துக்குச் சட்டம் விதிக்கும் கடமைகள் நான்கு. தகுதித் தேர்வில் தேறிய ஒருவரை எரிசக்தி மேலாளராக நியமிக்க வேண்டும் என்பது முதலாவது. செலவிட்ட சக்தியின் கணக்கை ஆண்டுதோறும் உரிய படிவத்தில் அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது. அங்கீகாரம் பெற்ற வெளித் தணிக்கையாளர் ஒருவரைக் கொண்டு எரிசக்தித் தணிக்கை செய்விக்க வேண்டும் என்பது மூன்றாவது. வகுக்கப்பட்ட அளவை எட்டத் தவறிய நிறுவனம், சக்தியைத் திறம்படப் பயன்படுத்துவதற்கான திட்டம் ஒன்றைத் தயாரித்து நிறைவேற்ற வேண்டும் என்பது நான்காவது.

இந்த நான்காவது கடமையை நிதானமாகக் கவனித்தல் வேண்டும். இன்ன யந்திரத்தை வாங்கு, இன்ன உலையை இடித்துவிடு என்று சட்டம் கட்டளையிடவில்லை. தில்லியிலுள்ள ஓர் அதிகாரியைக் காட்டிலும் ஆலையில் உள்ளவர்களே ஆலையை நன்கறிவர் அன்றோ! ஆகவே எங்கே சக்தி வீணாகிறது, அதைத் தடுக்க என்ன செய்யலாம், அதற்கு முதலீடு எவ்வளவு, அம்முதலீடு எத்தனை ஆண்டில் திரும்பும் என்பவற்றை ஆலையே எழுதிக் காட்ட வேண்டும். திட்டம் பொருளாதார நோக்கில் தாங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதையும் சட்டம் ஒப்புக்கொள்கிறது. குழாயின் கசிவை அடைப்பதும் வெப்பக் காப்பு உறை போடுவதும் சில மாதங்களில் பலன் தரும் வேலைகள். சிமெண்டு உலையிலிருந்து வெளியேறும் வெப்பக் காற்றைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் அமைப்போ பெருமுதல் கேட்கும் காரியம். இரண்டையும் ஒரே தாளில் வரிசைப்படுத்தி எழுதும்போதுதான், எதை முதலில் செய்வது, எதை எந்த ஆண்டுக்கு ஒதுக்குவது என்று நிர்வாகத்தால் முடிவு செய்ய இயலும். இத்தாளில் மேலாளரின் கையொப்பம் விழும்போது, முன்பு எவரையும் சேராதிருந்த கடமைக்கு ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார்.

சட்டம் வந்து சில ஆண்டுகள் வரை இவை பெரும்பாலும் அறிவுரை அளவிலேயே நின்றன. முதல் ஐந்தாண்டுகளுக்கு எவர்க்கும் தண்டம் இல்லை என்று சட்டமே சலுகை அளித்திருந்தது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் நிலைமையை மாற்றியது. பத்தாயிரம் ரூபாயாக இருந்த தண்டத்தின் உச்ச வரம்பு பத்து லட்சம் ஆயிற்று. அதனோடு, இலக்கை மிஞ்சிச் சேமித்தவர்க்கு ‘எரிசக்தி சேமிப்புச் சான்றிதழ்’ வழங்கவும், இலக்கை எட்டாதவர் அதை விலைக்கு வாங்கி ஈடுகட்டவும் வழி செய்யப்பட்டது.

இம்முறை செயல்படும் விதத்தை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்கலாம். அடிப்படை ஆண்டில் பத்து லட்சம் டன் சிமெண்டு உற்பத்தி செய்த ஆலை ஒன்று, ஒரு டன் சிமெண்டுக்கு 0.080 எண்ணெய்ச் சமன் டன் சக்தி செலவிட்டது என்று கொள்வோம். மூன்றாண்டில் அதை 0.076-ஆகக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. ஆலை 0.074 வரை குறைத்துவிட்டது. இலக்குக்கும் சாதனைக்கும் உள்ள வேறுபாடு 0.002. அதை அடிப்படை ஆண்டின் உற்பத்தியால் பெருக்கினால் 2,000 வருகிறது. ஆலைக்கு 2,000 சான்றிதழ்கள் கிடைக்கும். சான்றிதழ் ஒன்று ஓர் எண்ணெய்ச் சமன் டன்னைக் குறிக்கும். மாறாக, 0.078 அளவிலேயே ஆலை நின்றுவிட்டால், 2,000 சான்றிதழ்களைச் சந்தையில் வாங்கியாக வேண்டும்.

இதில் இரு நுட்பங்கள் உள்ளன. இலக்கு மொத்தச் செலவுக்கு உரியதன்று. ஒரு டன் பொருளுக்கு ஆகும் செலவுக்கு உரியது. ஆகவே உற்பத்தியைப் பெருக்கும் ஆலைக்கு இதனால் இடையூறு இல்லை. வளரும் நாடாகிய நமக்கு இது பொருத்தமே. ஆனால், திறன் உயர்ந்தும் நாட்டின் மொத்தச் செலவு கூடிக்கொண்டே போகலாம் என்பதை மறத்தல் ஆகாது. இரண்டாவது நுட்பம், எல்லா ஆலைக்கும் ஒரே இலக்கு இல்லை என்பதாகும். முன்பே சிக்கனமாக நடந்த ஆலைக்குச் சிறிய இலக்கும், ஊதாரித்தனமாக நடந்த ஆலைக்குப் பெரிய இலக்கும் அதனதன் வரலாற்றைக் கொண்டு வகுக்கப்பட்டன.

முதல் சுற்று 2012-13 முதல் 2014-15 வரை நடந்தது. எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 நிறுவனங்கள் அதில் அடங்கின. ஆண்டுக்கு 66.86 லட்சம் டன் சேமிப்பு என்பது இலக்கு. எய்தியதோ சுமார் 86.7 லட்சம் டன். இலக்கை விஞ்சிய இச்சாதனை மகிழ்ச்சிக்குரியதே. ஆயின் அடுத்து நடந்தவை சிந்தனைக்குரியவை.

2015 மார்ச்சில் முடிவுற்ற சுற்றின் சான்றிதழ்கள் 2017 செப்டம்பரில்தான் சந்தைக்கு வந்தன. வழங்கப்பட்டவை ஏறத்தாழ 38 லட்சம். வாங்கப்பட வேண்டியவை 14 லட்சம் அளவே. கொள்வோரினும் கொடுப்போர் மிகுந்த சந்தையில் விலை வீழ்தல் இயற்கை. சுமார் 13 லட்சம் சான்றிதழ்கள் ஏறத்தாழ 100 கோடி ரூபாய்க்குக் கைமாறின. அதாவது சராசரியாகச் சான்றிதழ் ஒன்று ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே விலை போயிற்று. ஓர் எண்ணெய்ச் சமன் டன் சக்தியின் மதிப்பாக அரசாங்கம் 2011-12-ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த தொகை 10,154 ரூபாய் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடன் வாங்கிப் புதிய அமைப்பை நிறுவிய ஆலைக்கு எரிபொருள் மிச்சம் கிடைத்தது உண்மை. சான்றிதழால் கிடைக்கும் என்று எதிர்பார்த்த வருவாயோ சொற்பமாயிற்று. வாங்கக் கடமைப்பட்டவர்களில் சிலர் வாங்காமலே இருந்தனர். அவர்களை வாங்கச் செய்வது யார் என்ற வினா அப்போதுதான் கூர்மையாக எழுந்தது.

விடை மாநிலத் தலைநகரங்களில் இருக்கிறது. மேலே கண்ட ‘குறித்தறிவித்தல்’ என்ற சொல் சட்டத்தில் மற்றோர் இடத்திலும் வருகிறது. ஆலையைக் குறித்தறிவிப்பது மத்திய அரசாங்கம். அந்த ஆலையைக் கண்காணிக்கும் முகமையைக் குறித்தறிவிப்பது மாநில அரசாங்கம். மின்சாரம் நம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் அமைந்த விஷயம். இச்சட்டத்தின் உடலமைப்பும் அவ்வாறே இருவர் கையில் உள்ளது. சட்டத்தை மாநில எல்லைக்குள் ஒருங்கிணைத்து, ஒழுங்குபடுத்தி, செயற்படுத்துதல் அம்முகமையின் கடமை. ஆய்வு அதிகாரிகளை நியமிப்பதும் அதுவே. குற்றம் நேர்ந்தால் தண்டம் விதிக்கும் தீர்ப்பு அதிகாரி மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினருள் ஒருவர். சேமிப்புப் பணிகளுக்கென மாநில நிதியம் ஒன்று அமைக்கவும் சட்டம் வழி செய்கிறது.

மாநிலங்கள் இப்பொறுப்பைப் பல்வேறு கைகளில் ஒப்படைத்தன. கேரளம் திருவனந்தபுரத்தில் இதற்கு முன்பே இயங்கி வந்த எரிசக்தி மேலாண்மை மையத்தைக் குறித்தறிவித்தது. மகாராஷ்டிரமும் குஜராத்தும் தத்தம் எரிசக்தி வளர்ச்சி முகமைகளிடம் பணியை அளித்தன. தமிழ்நாடு தலைமை மின் ஆய்வாளரின் துறையிடம் தந்தது. சக்தித் திறனையே முழுநேரப் பணியாகக் கொண்ட நிறுவனத்துக்கும், வேறு பெரும் பணிகளுக்கிடையே இதையும் ஏற்கும் அலுவலகத்துக்கும் நடைமுறையில் வேறுபாடு உண்டு. நூற்றுக்கணக்கான அளவுமானிகளும், ஆண்டுக்காண்டு மாறும் எரிபொருள் தரமும், உற்பத்தி வகையும் கலந்த ஓர் ஆலையின் கணக்கைச் சரிபார்க்கக் கொதிகலன், உலை, மோட்டார் ஆகிய யாவும் அறிந்த இஞ்சினீயர்கள் வேண்டும். அத்தகையோர் இல்லாத அலுவலகத்தில் வந்து சேரும் படிவங்கள் அடுக்கில் உறங்கும்.

மாநிலம் முனைந்தால் சட்டத்தின் எல்லையையே விரிக்க இயலும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கேரள அரசாங்கம் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆணை, உயர் அழுத்த மின்சாரம் பெறும் நுகர்வோர்க்கு எரிசக்தித் தணிக்கையைக் கட்டாயமாக்கிற்று. மத்திய வரம்புக்குக் கீழ்ப்பட்ட நடுத்தர ஆலைகளும் இதனால் கணக்குப் பார்க்கும் வட்டத்துக்குள் வந்தன. அட்டவணை வரம்பை எட்டாத ஆயிரக்கணக்கான வார்ப்படச் சாலைகளும் சாயப் பட்டறைகளும் நாடெங்கும் இருப்பதை எண்ணும்போது, இவ்வழியின் அருமை விளங்கும்.

2022-ஆம் ஆண்டில் சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டது. நிலக்கரி, எண்ணெய் அல்லாத மூலங்களிலிருந்து குறைந்தபட்ச அளவு சக்தியைப் பெறுமாறு பணிக்கவும், கரியமில வாயுவின் அளவைக் கொண்டு சான்றிதழ் வணிகம் நடத்தவும் அத்திருத்தம் இடமளித்தது. வகுத்த அளவுக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு டன்னுக்கும் அதன் விலையில் இரு மடங்கு வரை கூடுதல் தண்டம் விதிக்கவும் இயலும். கரிமக் கடன் வணிகத் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. 2025-இல் அலுமினியம், சிமெண்டு, குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய தொழில்களுக்கு வாயு வெளியீட்டு இலக்குகள் வகுக்கப்பட்டன. அலகு மாறியிருக்கிறது; எண்ணெய்ச் சமன் டன்னுக்குப் பதிலாகக் கரியமில வாயு டன் வந்திருக்கிறது. ஆனால் அடிப்படை மாறவில்லை. அளவுமானி சரியாக இருக்க வேண்டும். கணக்கு உண்மையாக இருக்க வேண்டும். திட்டத்துக்குப் பொறுப்பானவர் ஒருவர் இருக்க வேண்டும். தவறினால் கேட்பவர் ஒருவர் வேண்டும்.

முதல் மூன்றையும் ஆலைக்குள் உண்டாக்க இச்சட்டத்தால் பெருமளவு முடிந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் தனிப் பதவியாக இல்லாதிருந்த எரிசக்தி மேலாளர், இன்று பெரிய ஆலைகளில் நிர்வாகக் கூட்டத்தில் அமர்ந்து தம் எண்களை எடுத்துரைக்கிறார். நான்காவதே இன்னும் வலுப்பெற வேண்டியது. நேர்மையாகச் சேமித்தவரின் சான்றிதழ் மலிவாகவும், சேமியாதவரின் தவறு கேட்பாரற்றும் போகுமானால், அடுத்த சுற்றில் பணம் முடக்கிப் புதிய அமைப்பை நிறுவ எந்த நிர்வாகம் முன்வரும்? சேமித்தவர் ஏமாறாமல் இருப்பது இச்சட்டத்தின் உயிர். அவ்வுயிரைக் காப்பது, ஆய்வுக்கு ஆள் அனுப்பவும், கணக்கைத் திருப்பிக் கேட்கவும், ஆணையத்தின் முன் வழக்கை எடுத்துச் செல்லவும் வல்ல மாநில முகமையின் கையில் இருக்கிறது. அம்முகமைகளுக்குப் போதிய இஞ்சினீயர்களையும் நிதியையும் அளிப்பது மாநில அரசாங்கங்கள் செய்யக்கூடிய செலவுகளில் மிகச் சிறியது. அதனால் மிஞ்சும் நிலக்கரியும் மின்சாரமும் நாட்டுக்கு மிகப் பெரியது.